பெரிதாக்கிப் பார்த்த படம்

தங்கை நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி கிளம்ப ஒரு வாரம் இருந்தது. அதற்குள் அவளை நன்றாகப் படம் எடுத்துவிட வேண்டும் என்று, கேமரா வாங்க ஜங்ஷன் கடைத்தெருவுக்கு அவளையும் கூட்டிப் போனேன். இரண்டு கேமராவில் எதை எடுப்பது என்று குழப்பம்.

"இருட்டு மூலையில எடுத்துப் பாரும் வே. உள்ள ஒளிய வாங்குத சென்சார் பெருசுன்னா படத்துல புள்ளி விழாது" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

அவளை நிறுத்தி இரண்டிலும் எடுத்துப் பெரிதாக்கினேன். சின்ன சென்சார் படம் முழுக்கப் புள்ளி. பெரியதில் முகம் தெளிவாக இருந்தது. கண்கள் நிறைந்திருந்தன.

"எதுண்ணே நல்லாருக்கு?" என்றாள்.

போகப் பிடிக்கவில்லையா என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் நானும் அழுதுவிடுவேன் என்று பயம். "பெருசுதான்" என்று சொல்லி வாங்கிவிட்டேன்.

மூன்று வருடமாகிறது. ஞாயிறுதோறும் வீடியோ காலில், "எப்பம்மா வருத?" என்று கேட்கிறேன். கேட்க வேண்டியது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.