அக்காவிடமிருந்து எடுத்த துணுக்கு

என் அக்கா குளித்துவிட்டு வந்தால் கழுத்துவரை மஞ்சளாக இருப்பாள். வேடசந்தூர்ப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் பகலெல்லாம் காய்கிறவள், கல்லில் மஞ்சளை உரசிப் பூசாமல் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த மஞ்சள்தான் எங்களை ஏமாற்றியது. உள்ளே பித்தக்குழாய் அடைத்து உடம்பே மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது, லட்சுமிகரமாக இருக்கிறாள் என்று ஊரே சொன்னது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் கூட்டம் நாங்கள். எந்நேரமும் உடம்பைச் சொறிந்தாள். பூச்சிமருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்த நர்ஸ்தான் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார்.

மதுரையில் பித்தக்குழாய்ப் புற்றுநோய் என்றார்கள். அறுத்தெடுக்க முடியாதபடி பரவியிருந்தது, மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது. நான் பழனிக்குப் போய் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு வந்தேன். அவசரக்காரி நான். அது திரும்பவும் வளர்ந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பித்தக்குழாயின் உட்சுவர் தேயத் தேயப் புதுப்பித்துக் கொடுக்கும் ஸ்டெம் செல்கள் எல்லோருக்கும் உண்டாம். தாய்ச் செல் என்றும் சொல்லலாமாம். புற்றுக்கட்டிக்குள்ளும் அதே குணத்தோடு கொஞ்சம் செல்கள் இருக்குமாம். மருந்து, வேகமாகப் பெருகுகிறவற்றைத்தான் அதிகம் கொல்லும்; இவை அசையாமல் படுத்துக் கிடந்து தப்பி, பிறகு கட்டியை மறுபடி எழுப்பிவிடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்களாம். தாய் என்ற பெயரை இதற்கு எவன் வைத்தான் என்று எனக்கு எரிந்தது.

தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். கட்டியிலிருந்து சோதனைக்கு எடுக்கும் துணுக்கில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு மடிகிறது என்று பார்க்கலாமா? அக்காவுக்கு அதனால் பலன் இருக்குமென்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"எடுத்துக்கங்கம்மா. என்னையத்தேன் இந்த நோவு விடல. வேற ஒருத்தியவாச்சும் விடட்டும்."

மார்கழியில் அக்கா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து, மிஞ்சிய வலி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தத் துணுக்கு என்ன ஆயிற்று என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதுவும் செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நன்றாக வளர்கிறது என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. எதைத் தின்று வளர்கிறது என்று விடாமல் கேட்டேன். சத்துநீர் ஊற்றி, சில நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்களாம்.

கடைசியில் அக்காவுக்கு ஒரு கரண்டி கஞ்சிகூட இறங்கவில்லை. அவளைத் தின்றதற்கு முறை தவறாமல் தீனி. கீழே கொட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கொடுத்தவள் அவள்.

"நல்லாத் தீனி போடுங்க," என்றேன். "எந்த மருந்துல சாகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க."