இறக்கைக்கு விட்ட தாராளத் துணி

என் பேரனின் பள்ளிப் புத்தகத்தில் ஆகாய விமானத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. தூக்குவிசை, இழுவை, உந்துவிசை, எடை என்று நான்கு சொற்களைப் போட்டு, நான்கு அம்புக்குறி வரைந்து முடித்துவிட்டார்கள். மனப்பாடம் செய்தால் போதுமாம். எரிச்சலாக இருக்கிறது. அதற்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு வரி கிடையாது.

எனக்கு இவை தெரியவந்தது தேக்கா வட்டாரத்தை அடுத்த குதிரைப் பந்தயத் திடலில். சிங்கப்பூரில் யாரும் விமானத்தைப் பார்த்திராத காலம். நானும் என் மனைவியின் தம்பியும் சிராங்கூன் சாலையில் ஒரு கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தோம்.

ஒரு காலை, திடலில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக்காரர் ஓடிவந்தார். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த விமானத்தை ஒன்றாகப் பூட்டும்போது கீழ் இறக்கையின் துணி கிழிந்துவிட்டதாம். மாலையில் பறந்தாக வேண்டும். எங்களை அவர்தான் சிபாரிசு செய்திருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மரச்சட்டம், கம்பி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் துணி போர்த்திய இறக்கைகள், நடுவில் ஒரு இருக்கை, அதன் முதுகுக்குப் பின்னால் இயந்திரமும் மர விசிறியும். கட்டில் மாதிரி இருந்தது. இதை நம்பி ஒருவன் ஏறுவதா?

மைத்துனன் அளவெடுத்தான், வெட்டினான், தைத்தான். சுத்தமான கை, அதில் குறை சொல்லமாட்டேன். முடித்ததும் வெள்ளைக்கார மெக்கானிக் பழைய துணியை விரலால் சுண்டினான். தவில் மாதிரி ‘டம்’ என்றது. எங்கள் துணியைச் சுண்டினான். தொளதொளவென்று ஆடியது. முகம் சிவந்து கத்த ஆரம்பித்தான்.

“எதுக்குடா இவ்வளவு துணி விட்டே?” என்றேன்.

“எப்பவும் விடுறதுதானே மச்சான்? தண்ணி பட்டா சுருங்கும், ஆளுக்கும் உடம்பு வைக்கும். தாராளமா தைச்சாத்தான் நாளைக்குத் திட்டு வாங்க மாட்டோம்.”

“இறக்கைக்கு எங்கடா உடம்பு வைக்கும்? பிள்ளைத்தாச்சிக்கா ரவிக்கை தைக்கிறே?”

கணக்கர் சிரிக்கவில்லை. மெக்கானிக் கத்தியதை எங்களுக்குச் சொன்னார்.

“தம்பி, பின்னால இருக்கிற விசிறி இதை முன்னுக்குத் தள்ளும். அப்ப காத்து இந்த வளைவுக்கு மேலயும் கீழயும் ஓடும். வளைவு சரியா இருந்தால்தான் பாரத்தைத் தூக்கும். துணி தொங்கினால் வளைவு கெட்டுப்போகும். காத்து பிடிச்சுப் பின்னுக்கு இழுக்கும். தையல் விட்டுதெண்டால் ஆள் செத்தான். என்ர சொல்லை நம்பித்தான் துரைமார் உங்களை உள்ள விட்டவை.”

அதுவரை மைத்துனன் துணியை மட்டும்தான் பார்த்திருந்தான். இப்போது இருக்கையைப் பார்த்தான்.

எல்லாவற்றையும் பிரித்தோம். நான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க, அவன் தைத்தான். “இன்னும் இழுங்க மச்சான்! காலையில சாப்பிடலையா?” என்று என்னையே அதட்டினான். மெக்கானிக் மறுபடி சுண்டினான். ‘டம்’. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மாலையில் வேலிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றோம். தைக்கத்தான் உள்ளே விடுவார்கள், பார்க்க விடமாட்டார்கள். விசிறி சுற்றியது, பின்னால் புல் படுத்தது, அந்தக் கட்டில் தடதடவென்று ஓடித் தரையை விட்டுக் கிளம்பியது. சீனர், மலாய்க்காரர், மாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்த நம் பால்காரர்கள், எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு மறுபடி வாய்க்கவே இல்லை. நாங்கள் தைத்த துண்டு மற்றத் துணியைவிட வெளுப்பு; வெயிலில் தனியாகத் தெரிந்தது. ஆடாமல் நின்றது. விமானம் ஒரு சுற்று வந்து, புல்லில் குதித்து இறங்கியது. ஆள் இறங்கிக் கையசைத்தான்.

“பார்த்தியாடா நம்ம துணியை?” என்று திரும்பினேன். மைத்துனன் வேலிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றான்.

“இறங்கிட்டானா மச்சான்?”

“இறங்கிட்டான்லா. கண்ணைத் திறடா, மடையா!”

“உசிரோடதானே?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரே பார்த்ததைத் தைத்தவன் பார்க்கவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் காதில் வாங்கவே இல்லை. “மேலே போனப்ப துணி ஆடுச்சா? திரும்பினப்ப?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். சொன்னேன். கடை வாசலுக்கு வந்ததும், மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னான். அதையும் சொன்னேன்.