மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு லென்ஸ்

என் கேமராவைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் வயதைத்தான் கேட்பார்கள். என் வயதைக் கேட்க முடியாத குறையை அப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் வாங்கி, வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு விற்ற, பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃப்ரேம் கேமரா அது. வங்காளத்துக் கிடர்பூரில் துறைமுக ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் வாங்கினேன். கைப்பிடி ரப்பர் ஒரு பக்கம் எழும்பி நிற்கும். வீடியோ எடுக்காது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஆயிரத்து அறுநூறுக்குமேல் ஏற்றினால் நிழலெல்லாம் மண் தூவினாற்போல் ஆகிவிடும். ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும்தான் நம்பலாம். ஆனால் மனித முகத்தின் நிறத்தை இது எடுக்கிற மாதிரி புதியவை எதுவும் எடுப்பதில்லை என்பேன். இதற்காக யாரோடும் சண்டைக்கு நிற்பேன்.

என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வங்காளி. பெஹாலாவில் பிறந்து வளர்ந்து, தமிழைவிட வங்காளத்தில் நன்றாகச் சண்டை போடுகிறவனுக்கு வேறு எப்படி அமையும்? கரியாஹாட்டில் ஒரு கல்யாண வீட்டில், அவர்கள் முறைப்படி, அந்தி நேரத்து லக்னத்தில் கல்யாணம். போட்டோவுக்கு ஆள் வைத்தாயிற்று. ஒரே ஒரு படத்தை மட்டும் நான்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். மணப்பெண்ணைப் பலகையில் உட்காரவைத்து அண்ணன் தம்பிகள் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏழு சுற்று வருவார்கள். அவள் இரண்டு வெற்றிலையால் முகத்தை மறைத்திருப்பாள். சுற்றி முடித்ததும் வெற்றிலையை இறக்குவாள், இருவரும் பார்த்துக்கொள்வார்கள். சுபோதிருஷ்டி என்று பெயர். நான்கு வருடம் ஒரே மெட்ரோவில் ஒட்டிக்கொண்டு போய்வந்த ஜோடிதான், இருந்தாலும் அந்தப் பார்வையை என் கையால் எடுக்க வேண்டும் என்று ஆசை.

அந்தி வெளிச்சத்துக்கு என்னிடம் இருந்த ஸூம் லாயக்கில்லை. எஸ்பிளனேடு பக்கம் கேமரா கடைகள் நெருக்கியடிக்கும் சந்துக்குப் போனேன். கடைக்காரர் முதலில் ஒரு புது லென்ஸை மாட்டிக் கொடுத்தார். கண்ணை வைத்துப் பார்த்தால் நான்கு மூலையும் இருட்டு. சின்ன சென்சாருக்காகச் செய்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறார். திருப்பிக் கொடுத்ததும், "அப்ப எண்பத்தஞ்சு எம்எம் எடுங்க மாஷிமா. கல்யாணத்துக்கு எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்றார். என் வயதுக்காரிகளை இங்கே மாஷிமா, சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு அது ஒத்துவராது என்று பட்டது. நம் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கே நிற்பாள்? பக்கத்தில்தான். கூட்டம் முதுகில் ஏறும், நான்கு அடிக்குமேல் பின்னால் நகர இடம் இருக்காது. எண்பத்தைந்தை வைத்துக்கொண்டு அங்கே மூக்குத்தியைத்தான் எடுக்கலாம். கிட்ட நின்றாலும் அகலமாகப் பிடிக்கிற, மங்கல் வெளிச்சத்துக்குத் திறப்பு எஃப் இரண்டு வரை போகும் பழைய முப்பத்தைந்து எம்எம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் பூஞ்சை இல்லை, ஃபோகஸ் சரியாக உட்கார்ந்தது. பெருமையோடு வீட்டுக்கு வந்து மாடி வீட்டு பௌதியிடம், நம் பேச்சில் அண்ணியிடம், காட்டினேன்.

பௌதி லென்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீங்க எப்படி எடுப்பீங்க தீதி? மகன் கல்யாணத்தை அம்மா பாக்கக் கூடாதே. ஆகாது."

முப்பது வருடமாக இந்த ஊரில் எத்தனை கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்து மூக்கு முட்டச் சாப்பிட்டு, பானும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேனே தவிர, மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் எங்கேயோ வேலையாக இருக்கிறாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா போகலாமாம்.

மகனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் தைரியம் வரவில்லை. "ஒரு நாள்தானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். அவளோட பிஷி ரொம்பக் கண்டிப்பு. கல்யாண வீட்டுல மேல வராண்டா இருக்கு. லாங் லென்ஸ் வச்சு அங்கேருந்து எடுத்துடு. யாருக்கும் தெரியாது." பிஷி என்றால் மணப்பெண்ணின் அத்தை, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மறுநாள் அந்தக் கடைக்கு மறுபடியும் போனேன். நூற்று முப்பத்தைந்து எம்எம்மை மாட்டிச் சந்தின் மறுகோடியைப் பார்த்தேன். டீக்கடைக்காரரின் மீசை மயிர் எண்ணுகிற அளவுக்குக் கிட்டே வந்தது. நல்ல லென்ஸ். ஆனால் கை ஆட்டம் தெரியாமல் இருக்க ஷட்டரை வேகமாக்க வேண்டும், அந்தியில் அதற்கு ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், ஏற்றினால் என் கேமரா மண்ணை அள்ளிக் கொட்டும். கடைக்காரரிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அதை வாங்கினால் ஒளிந்து நிற்கச் சம்மதித்துவிட்டேன் என்று ஆகும். பெற்ற பிள்ளையைத் திருடிபோல் மாடியிலிருந்து பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? முப்பத்தைந்தையே பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலிலேயே பிஷி கையை நீட்டி மறித்தார். கோபமில்லை, உண்மையான பயம் அவர் முகத்தில் இருந்தது. அதனால் குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். "இருபத்தொன்பது வருஷமா என் கண்ணு பட்டுத்தான் அவன் வளர்ந்தான். இன்னிக்கு மட்டும் என்ன ஆயிடும்?" நீட்டிய கையைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

மண்டபத்தில் எல்லோரும் இருந்தார்கள், பெண்ணின் அம்மாவைத் தவிர. அவர்கள் குடும்பத்தில் அவரும் பார்க்கக் கூடாதாம். தேடிப் போனேன். உள்ளறையில் கட்டில் ஓரத்தில், புதுப் பட்டுப்புடவை கசங்காமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே சங்கு ஊதினார்கள். அவர் கண்கள் கதவின்மேல் இருந்தன. பையிலிருந்த சின்ன எல்இடி விளக்கை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"வாங்க. எனக்கு லைட் பிடிக்க ஆள் இல்லை."

"நானா?" என்றார்.

"நீங்கதான்."

எழுந்து வந்தார். பலகை ஏழாவது சுற்று வந்து நின்றது. முதுகில் கூட்டம், நான்கு அடி தூரம், நான் எதிர்பார்த்தபடியே. நடுப்புள்ளியை மருமகளின் கண்ணில் வைத்தேன். வெற்றிலை இறங்கியது, அழுத்தினேன்.

படத்தில் இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். இடது ஓரத்தில் பெண்ணின் அம்மா நிற்கிறார். விளக்கை எங்கே காட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் மகளைப் பார்க்கிறார், வெளிச்சம் முழுதும் அவர் முகத்திலேயே விழுந்திருக்கிறது. எண்பத்தைந்தில் அவர் வந்திருக்கவே மாட்டார்.

ஆல்பத்துக்கு அந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லி பிஷி மகன் மூலமாகக் கேட்டனுப்பினார். முழுப்படத்தையும் கதவளவுக்குப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, சம்பந்தியம்மாளின் பெயருக்கு அனுப்பிவைத்தேன்.