அம்மாளாச்சி சொன்ன பதில்

இரண்டு சிறிய வாழையிலைப் பொட்டலங்கள். இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் ஒரே மாதிரி நார் முடிச்சு. உரும்பிராயில் எங்கள் அம்மன் கோவிலில், திரைக்கு முன்னால் நின்று, அம்மா கண்ணை மூடிக்கொண்டு அவற்றில் ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பூ வந்தால் அண்ணன் கனடாவுக்குப் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்துதான் கொழும்புக்கே போகவேண்டும். போகிற வள்ளமெல்லாம் கரை சேர்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். "போ எண்டு சொல்லவும் பயமாக்கிடக்கு, நில் எண்டு சொல்லவும் பயமாக்கிடக்கு. அம்மாளாச்சி சொல்லட்டும்" என்றார் அம்மா. பூவைக் கட்டும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

நான் இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் பூமரத்தடியில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். அந்தத் துணிவுதான்.

அண்ணனுக்குப் போக விருப்பமில்லை. அந்த மாதம்தான் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டிருந்தார். போக ஆசைப்பட்டவள் நான். அவர் முதலில் போனால் பிறகு என்னையும் கூப்பிடுவார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளும், கரண்ட் இல்லாமல் குப்பி விளக்கிலும் என் வயது கழிகிறதே என்று எல்லோர் மேலும் எரிச்சல். அவருடைய உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது முழுப்பொய் இல்லை, பாதி. போகக்கூடாதென்றால் அம்மாளாச்சி வேறு வழியில் தடுக்கட்டுமே என்று பொறுப்பை அவள் தலையிலேயே போட்டும்விட்டேன். நல்ல கெட்டிக்காரி நான்.

போகிற நாள் பின்னேரம் கோப்பாய்ச் சந்திவரை சைக்கிளில் அவரோடு கூடப் போனேன். கிளாலிக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வான் இன்னும் வரவில்லை. அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மற்றப் பொட்டலத்தை நான் பிரிச்சுப் பாத்தனான், தங்கச்சி."

அவர் கோபப்படவில்லை.

"உனக்கு அவ்வளவு ஆசையெண்டால் நான் போறன். அம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதை."

வான் வரப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். 'போகாதையுங்கோ அண்ணை' என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நான் சொன்னது வேறு. "கிழங்குக்கு நான் தண்ணி விடுறன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அவர் ஏறிய வள்ளம் துப்பாக்கிச் சூடுபட்டுக் கவிழ்ந்தது. மூன்றாம் நாள்தான் எங்களுக்குச் செய்தி வந்தது.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள், எழுதினபடிதானே நடக்கும் என்றார்கள். அந்த ஆறுதலில் எனக்குப் பங்கில்லை. போரை நான் தொடங்கவில்லை, வள்ளத்தைச் சுட்டதும் நானில்லை. ஒன்றில் சிவப்புச் செவ்வரத்தையை வைத்திருந்தாலும் அம்மாவின் கைக்கு வெள்ளையே வந்திருக்கலாம். இதையெல்லாம் நூறு தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கத்தால் சுற்றினாலும் கடைசியில் கோப்பாய்ச் சந்தியில், அந்தப் பத்து நிமிடத்தில் வந்து நிற்கிறேன். அங்கே என் வாயை யாரும் பொத்திப் பிடித்திருக்கவில்லை.

நான் கனடாவுக்குப் போகவில்லை. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அண்ணனின் திதியன்று படையல் முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அம்மாளாச்சி சொன்னதைத்தானே செய்தனாங்கள். எங்களிலை பிழையில்லைத்தானே, பிள்ளை?" உண்மையைச் சொன்னால் அவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும் என்று சொல்லாமல் இருக்கிறேன். என் பயத்தாலும்தான். இதில் எது கூட, எது குறைய என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

போன மாதத் திதியிலும் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக, கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தபடி கனநேரம் காத்திருந்தார்.

"ஓம் அம்மா, பிழையில்லை" என்றேன்.