சாவி திருப்பினால் மட்டும்

"வேலை பார்க்கிற ஆள் எங்கே?" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சங்கரி வைத்திருக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். "ஆளு ஒங்க முன்னாலதான நிக்குது."

தோப்பும்படியில் ஒற்றை ஷட்டர் கடை. லாரியோ மீன் வண்டியோ, எது வந்தாலும் வயரிங் வேலை அவளுடையது. கொத்தனார் வீரபாண்டியைக் கட்டிக்கொண்டு கயத்தாற்றிலிருந்து கொச்சிக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. வந்த புதிதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றினாள். பிறகு வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழகினாள். அது ஏன் அடிக்கடி கெடுகிறது என்று வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தாள். அப்படியே வண்டி மொத்தமும் கைக்கு வந்துவிட்டது. கூடவே வாயும் வளர்ந்தது என்பது வீரபாண்டியின் கட்சி. அவன் சொல்வதிலும் தப்பில்லை.

அன்று திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கே மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து கல்யாணராமன் போன் செய்தார். சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். மூன்று தலைமுறையாகக் கொச்சிவாசி என்பதால் அவர் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

"சங்கரி, வண்டி அனங்கலை, ஸ்டார்ட்டே ஆகலை. ஒடனே வா."

சங்கரி ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது லாரி கிடங்கு வாசலில் சுக்கு மூட்டையோடு படுத்துக் கிடந்தது. பக்கத்தில் டிரைவர் செல்லதுரை, குற்றம் செய்தவன் போலத் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு புளூடூத் பெட்டி வாங்கி, பழைய ரேடியோவுக்கு வரும் வயரிலேயே அவனாகச் சேர்த்திருந்தான். போனில் இருக்கும் பாட்டு ரேடியோவில் கேட்கும், அவ்வளவுதான்.

"ரெண்டு மாசத்துல இது மூணாம் தடவையாக்கும்," என்றார் கல்யாணராமன். "மொதல்ல அந்தப் பொட்டியை அழிச்சு மாத்து. பாட்டுக் கேட்டுக் கேட்டு பேட்டரியைக் கொன்னது இவன்தான்னா, இன்னிக்கே சாவியைத் தந்துட்டுப் போகட்டும். வேற டிரைவர் பார்த்தாச்சு."

செல்லதுரைக்கு முகம் வெளுத்துவிட்டது. மகளை இங்கே பள்ளியில் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பயப்படாத," என்றாள் சங்கரி. "மொதலாளி பாஷைல அழிக்கதுன்னா கழத்துறது. ஒம் பொட்டிக்கு ஒண்ணும் ஆவாது."

"பொட்டி கெடக்கட்டும்க்கா. சனிக்கெழம ரேடியோவ ஆஃப் பண்ணிட்டுத்தான் எறங்குனேன். சத்தியமா."

மீட்டரை எடுத்துப் பேட்டரிகளைப் பார்த்தாள். லாரிக்கு இரண்டு பேட்டரி, இரண்டும் சேர்ந்து இருபத்து நாலு வோல்ட். ஒன்று ஜம்மென்று இருந்தது. மற்றது அடியோடு இறங்கிக் கிடந்தது.

"லைட்ட மறந்து போட்டுட்டுப் போனா ரெண்டும்ல எறங்கும். ஒண்ணு மட்டும் எப்படிச் சாவும்?" என்றாள். கல்யாணராமன் வாட்சைப் பார்த்தார். அவருக்கு லோடு போக வேண்டும்.

சங்கரி கேபினில் ஏறி, ரேடியோவைச் சட்டத்தோடு வெளியே இழுத்தாள். சிவப்பு வயர் சாவிப் பக்கமே போகவில்லை. நேராகக் கீழே இறங்கி, ஒரே ஒரு பேட்டரியில் போய் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வோல்ட் ரேடியோ, அதற்கு ஒரு பேட்டரி போதும் என்று எவரோ குறுக்கு வழி பார்த்திருக்கிறார். சாவியை எடுத்தாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ரேடியோவையாவது திருகி அணைக்கலாம். செல்லதுரையின் பெட்டிக்கு அணைக்கிற பட்டனே கிடையாது. ஞாயிறு முழுக்க அது அந்த ஒற்றைப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"எந்த மடையன் பாத்த வேல இது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "வயரத் தொடத் தெரியாதவன்லாம் லாரில ஏறிருதான்."

கத்திக்கொண்டே வயரின் இணைப்பை விரலால் தடவினாள். டேப்புக்கு மேல் மீன்வலை நைலான் நூல், மூன்று சுற்று, மேலே இரட்டை முடிச்சு. கேபின் சூட்டில் டேப் இளகிவிடும் என்று அப்படிக் கட்டுகிற ஆள் கொச்சியில் ஒருத்திதான் உண்டு. அவள் இப்போது அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வருடம் இருக்கும். அப்போதுதான் லாரி வேலைக்கு வந்திருந்தாள். வண்டிக்கு அன்று வேறு டிரைவர், வேறு முதலாளி. ஒற்றைப் பேட்டரி ஆட்டோவுக்குப் போடுகிற மாதிரியே இதற்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சங்கரிக்குக் காது சுட்டது. அவமானமாக இருந்தது.

ஒரு வெட்டு வெட்டி, அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. முதலாளியே பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. செல்லதுரை மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான்.

கீழே குதித்து இறங்கினாள்.

"மொதலாளி, செல்லதுரை மேல தப்பில்ல. இந்த வயரு நாந்தான் போட்டது. ஏழு வருசம் முன்னால. தப்பாப் போட்டுட்டேன்."

கல்யாணராமன் அவளையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதை எதுக்குப் பறயறே? நாலு பேர் கேட்டா உன் பேர் போயிடுமே."

"சொல்லலேன்னா இவன் பொழப்புல்லா போயிரும்."

பழைய வயரைப் பேட்டரியிலிருந்து உருவி எறிந்தாள். ஃபியூஸ் பெட்டியில் டெஸ்ட் லேம்பை வைத்து, செல்லதுரையைச் சாவியைத் திருப்பச் சொன்னாள். திருப்பினால் எரிந்து, எடுத்தால் அணைகிற இடத்தைப் பிடித்தாள். அங்கிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு வயர். நடுவில் இருபத்து நாலைப் பன்னிரண்டாக்குகிற கன்வெர்ட்டர். அதிலிருந்து ரேடியோவுக்கும் பெட்டிக்கும். கடையிலிருந்து பேட்டரி வரவழைத்து வண்டியைக் கிளப்பினாள். பாட்டு வந்தது. சாவியை எடுத்தாள், பாட்டும் பெட்டியின் நீல விளக்கும் சேர்ந்தே போயின.

கல்யாணராமன் ஏறி, தானே இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். சாவியைச் செல்லதுரையிடம் நீட்டினார்.

"போ. சாயங்காலத்துக்குள்ள தேனி சேரணும்."

செல்லதுரை ஏதோ சொல்ல வந்தான். சங்கரி கையசைத்து அவனை விரட்டினாள்.

லாரி தெரு முனை திரும்பியது. அவள் கிடங்குப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அந்த வருடம் அவள் ரேடியோ போட்ட லாரிகள் எட்டு இருந்தன. எல்லார் போன் நம்பரும் அதில் இருந்தது. முதலில் இடக்கொச்சி சுடலைமணி.

"அண்ணே, சங்கரி பேசுதேன். ஒங்க வண்டில ரேடியோவுக்கு நாம் போட்ட வயரு தப்பு. கொண்டாங்க, சும்மாவே மாத்தித் தாரேன்."

"ஏம்மா, நல்லாத்தான பாடுது?"

"சாவிய எடுத்த பெறவும் பாடும்ணே. அதாம் தப்பு."