மீன்சட்டியில் ஊற்றிய சிவப்பு ஒயின்

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ள வேண்டும். மணலில் விரல் வைத்து எழுதிப் பழகியதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றும் கிழிக்கவில்லை. நாலு பேர் எதிரே பேசவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோட்டைக்குப்பத்து மீனவன். ஆனால் கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பேன். காற்று கொஞ்சம் வலுத்தால் எங்கள் ஊர் ஏரியிலேயே எடுப்பேன். நாற்பது வயதுவரை பித்தம், வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். குப்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் சமையல்காரர் வேலையை விட்டுப் போனபோது, அந்த இடத்துக்குப் போய் நின்றேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் கோட்டைத் துரை. மாதக் கடைசியில் ஒரு கப்பல் கப்பித்தான் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அது நன்றாக அமைந்தால் எனக்கு அடுப்படி, இல்லையென்றால் படகு.

கோட்டைக்கு மீன் கொண்டுவந்து போடுபவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கப்பித்தான் வரும் நாளன்று காலையும் வந்தான்.

"இன்னா மாமா, படகுல உன் எடத்த அப்டியே வெச்சிருக்கேன். வாந்தி எடுக்க ஒரு சட்டியும் வெச்சிருக்கேன்" என்றான்.

மடவை மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் துரை கூப்பிட்டார். கப்பலில் வந்த சிவப்பு ஒயின் பீப்பாயைத் திறந்திருந்தார்கள். அவர்கள் தேசத்து ஓக் மரத்தில் செய்த பீப்பாய். துரை கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், வாயில் வைத்துக் கொப்பளித்தார். துப்புவார் என்று நான் சொம்பை நீட்டினேன். விழுங்கிவிட்டார்.

பிறகு கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டி நிறையப் பேசினார். துபாஷி பாய் அதைத் தமிழில் சொன்னார். அவர் குடிக்காதவர், கிண்ணத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சொன்னார்.

"மர வாசன அடிக்குதுன்றாரு. பொக வாசன. பழைய தோலு வாசனயும் இருக்குதாம்."

என் வேட்டியை முகர்ந்து பார்த்தேன். "நான் இன்னா பாய் பண்ணேன்?"

"உன்ன ஒண்ணும் சொல்லல. நீயும் குட்ச்சுப் பாத்துட்டு, இதுக்கு ஒத்துப்போறாப்ல மீன் ஆக்கணுமாம்."

குடித்தேன். துரை சொன்னது சரிதான். படகின் அடிப்பலகையை நக்கியதுபோல் நாக்கு சுருண்டுகொண்டது.

எங்கள் வீடுகளில் புதுச்சட்டி வாங்கினால் முதலில் கஞ்சி காய்ச்சிக் கொட்டிவிடுவோம். மண்வாசனை போனபிறகுதான் குழம்பு. இந்தப் பீப்பாயை யாரும் அப்படிப் பழக்கவில்லை, அதைத்தான் துரை குறை சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். வழியும் தெரிந்தது: பழகிய பாத்திரத்துக்கு மாற்றினால் போதும். வீட்டிலிருந்து இரண்டு மீன்சட்டிகள் கொண்டுவந்திருந்தேன். பல வருஷமாக மீனைத் தவிர வேறெதையும் பார்க்காதவை. ஒன்றில் மதியத்துக்கான ஒயினை ஊற்றி மூடினேன். மற்றதில் மடவைக் குழம்பு கொதித்தது. இரண்டும் ஒத்துப்போகாமல் எங்கே போகும்?

மதியம் ஒயினை ஜாடியில் மாற்றி, குழம்போடு கொண்டுபோய் வைத்தேன். கப்பித்தான் ஒரு வாய் குடித்துவிட்டுத் துரையைப் பார்த்தார். துரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு கடுகு மிதந்தது.

மூக்கை உள்ளே விட்டார். இந்த முறை சுழற்றவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார்.

"ஒயினு எங்க முடியுது, மீனு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலன்றாரு" என்றார் பாய்.

"அது நல்லதா பாய், கெட்டதா?"

"மூஞ்சப் பாரு."

"பாத்தேன். தெர்ல."

"மர வாசன எங்க போச்சுன்னு கேக்குறாரு."

சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வந்துவிட்டது. "நான்தான் எடுத்தேன்னு சொல்லு பாய்! சுத்தமா எடுத்துட்டேன்னு சொல்லு!"

 பாய் சுவரைப் பார்த்து அப்படியே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மச்சானின் படகில் ஏறினேன். முகத்துவாரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். சட்டி வைத்திருந்தான்.