படங்கை மடிக்க அவசரப்பட்ட நாள்

எனக்குக் கம்பியூட்டர் என்றாலே எரிச்சல். ஆனால் புனிதமலரை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போவேன். உருத்திரபுரத்தில் எங்கள் நெல் கொள்வனவுச் சங்கத்துக்கு வேலைக்கு வந்த பிள்ளை அவள். முல்லைத்தீவுக் கடற்கரைக் குடும்பம், தகப்பன் கடற்றொழில். இரவல் வாங்கிய வலையூசியைக்கூட அன்றைக்கே திருப்பிக் கொடுக்கும் வீடு. என்னிடம் பேனை வாங்கினாலும் மை காயமுன் தந்துவிடுவாள்.

சங்கத்துக்குப் புதுத் தராசு வந்தது. எடையைச் சொல்லும் வேலை, தராசோடு வந்த ஒரு லைப்ரரிக் கோப்புக்குள் இருந்தது. புனிதமலர் எழுதிய செயலி, தேவைப்படும்போது அதை ஏற்றி எடையைக் கேட்க வேண்டும். கேட்டதும் செயலி பொத்தென்று விழுந்துவிடும்.

அன்றைக்கு என் தங்கை விமலேஸ்வரியின் நெல் மூட்டைகள் சங்க முற்றத்தில் கிடந்தன. புருசன் இல்லாத வீடு. அந்தப் போகம்தான் பிள்ளைகளின் சோறு. வானம் கறுத்துத் தூறத் தொடங்கியது. எடைச்சீட்டு இல்லாமல் லொறிக்காரன் ஏற்றமாட்டான். நனைந்த நெல்லைத் தொடவும் மாட்டான்.

"என்ன பிள்ளை, இன்னும் சரிவரேல்லையோ?" என்று கத்தினேன்.

"கோப்பின்ர பேர் சரி அண்ணை. கோப்பும் ஏறுது. எடை சொல்லுற வேலை இருக்கிற இடமும் கிடைக்குது. அங்க போய்க் கேட்டா விழுந்திடுது." அவள் முகம் வாடிவிட்டது.

தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. விமலேஸ்வரி உடனே, பக்கத்து வீட்டு வீரகத்தியரிடம் இரவல் வாங்கி மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"உனக்கென்ன விசரோ? நெல்லு இன்னும் வெளியில கிடக்கு!"

"இரவல் சாமான் அண்ணை. குடுத்திட்டு வாறன்."

உள்ளே, உட்கார்ந்திருந்த கதிரை சரிந்த சத்தம். "ஐயோ, நானும் இதைத்தான் செய்திருக்கிறன்!" என்று புனிதமலர் சிரித்தாள். எடை சொல்லும் வேலை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டதுமே லைப்ரரியை நினைவகத்திலிருந்து இறக்கிவிட்டிருக்கிறாள். பிறகு அந்த இடத்துக்குப் போனால் அங்கே என்ன இருக்கும்? இறக்கும் வரியைத் தூக்கி, எல்லா வேலையும் முடியும் இடத்தில் போட்டாள்.

முதல் மூட்டையை வைத்தோம். திரையில் எடை வந்தது. செயலி விழவில்லை.

கடைசி மூட்டையும் லொறியில் ஏறியது. லொறிக்காரனின் படங்கு முழுக்க ஓட்டை. புனிதமலரே ஓடிப்போய், விமலேஸ்வரி மடித்து வைத்திருந்த இரவல் படங்கை எடுத்துக் கொடுத்தாள். லொறி வாசலைத் தாண்ட மழை கொட்டியது. விமலேஸ்வரி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கோணும் பிள்ளை," என்றாள்.

வீரகத்தியர் குடையோடு வந்து நின்றார். "என்ர படங்கு எங்க?"

எதையும் உடனே திருப்பிக் கொடுக்கும் புனிதமலர்தான் முந்திக்கொண்டாள்.

"லொறிக்கு மேல போகுது ஐயா. நெல்லு போய்ச் சேர்ந்த பிறகுதான் தருவம்."